வீட்டுக் கல்வியும் அமானிதமும்

மிம்பரடியில் நின்று பேசுகிறவனுக்குத் தன் பேச்சு எந்த வீட்டுக்குள் எந்த உருவத்தில் போய் நுழையும் என்பது தெரியாது. இவ்வாண்டு மே மாதத்து ஜும்ஆ ஒன்றில், குத்பாவுக்கு முந்திய தமிழ் பயானில், நம் மஹல்லாவில் வசிக்கும் ஒரு குடும்பத்தைப் பெயர் சொல்லாமல் புகழ்ந்து பேசினோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தாயும் தகப்பனுமே வீட்டில் வைத்துக் கல்வி புகட்டுகிற குடும்பம் அது. நாஞ்சில் நாட்டில் இப்படியும் ஒரு வீடு உண்டா என்று ஜமாஅத்தார் வியந்தார்கள். நாமும் நன்றாகப் பேசிவிட்டோம் என்று கொஞ்சம் மகிழ்ந்துதான் வீடு திரும்பினோம்.

மூன்று வாரம் கழித்து, அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் வந்து ஸலாம் சொல்லி நம் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தையில் சிறு கடை வைத்திருப்பவர், ஐவேளைத் தொழுகையாளி, நல்ல மனிதர். "ஹஜ்ரத், நீங்க அன்னைக்குச் சொன்னது நெஞ்சுல தச்சுட்டு. எனக்க மவள ஸ்கூல விட்டு நிறுத்தியாச்சு. எட்டு முடிஞ்சது போதும். டி.சி.யும் வாங்கியாச்சு. இனி வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்றார்.

"வீட்டில் யார் படித்துக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டோம்.

"அதுக்கு என்ன ஹஜ்ரத், உம்மா இருக்காள்லா. சமையலு, தையலு எல்லாம் படிக்கும். மூத்தவனுக்க பிள்ளையயும் பாத்துக்கிடும்" என்றார் மனநிறைவோடு.

நமக்கு வாயடைத்துப் போயிற்று. அந்தப் பிள்ளையை நாம் அறிவோம். மாலை மக்தபில் நம்மிடம் ஓதியவள். தஜ்வீதில் நாம் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வைத்ததில்லை. நம் பயானே அவளுடைய கல்விக்குப் பூட்டாகிவிட்டது. அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. இரண்டு வீடுகள், இரண்டிலும் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. ஒன்றை நாம் மெச்சினோம், மற்றொன்றைக் கண்டு மனம் பதறுகிறோம். செயல் ஒன்றாயிருக்க, தீர்ப்பு எப்படி இரண்டாகும்? இது நம் மனத்தின் பாரபட்சமா, அல்லது மார்க்கத்தில் இதற்கு அடிப்படை உண்டா?

விடை தேடுமுன், நாம் புகழ்ந்த அந்த வீட்டை வாசகர்களுக்குக் காட்டிவிடுகிறோம். இல்லாவிட்டால் நம் மயக்கத்தின் காரணமும் விளங்காது.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் லுஹருக்குச் சற்று முன்பு அங்கே போயிருந்தோம். ஓட்டு வீடு, பின்புறம் பத்துப் பன்னிரண்டு தென்னை, ஒரு அயனிப்பலா, கிணறு. தகப்பனார் சில வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து தேங்காய் வியாபாரம் செய்கிறார். தாய் அறிவியல் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்று முன்பு பள்ளியில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் மூவர்: பதின்மூன்று வயதுப் பெண், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரு பையன்கள். கூடவே உம்மும்மா.

நாம் போனபோது மூன்று பிள்ளைகளும் முற்றத்தில் ஒரு குச்சியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். மட்டம் பார்த்து நடப்பட்ட குச்சி. சுற்றிலும் சுண்ணாம்பினால் கோடுகள். நேரமாக ஆக நிழல் சுருங்கியது. கடைசியில் குச்சியின் காலடிக்குள்ளேயே போய்விட்டது. "நிழலு ஒளிச்சுட்டு!" என்று ஆறு வயதுக்காரன் கத்தினான். நம் மாவட்டம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டு பாகையளவில் இருப்பதால், ஆண்டில் இருமுறை, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும், உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நிழல் இல்லாமற் போகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். இதைப் பெரிய பையன் நமக்கு விளக்கினான்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அஸருடைய நேரம் ஷாஃபிஈ மத்ஹபில் பொருளின் நிழல் அதன் உயரத்தளவு ஆகும்போது தொடங்கும், ஹனஃபி மத்ஹபில் இருமடங்கு ஆகும்போது தொடங்கும், இரண்டிலும் உச்சிநேரத்து நிழலைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும் என்று மதரஸாவில் கிதாபு வாசித்தவர்கள் நாம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் ஒருநாளும் ஒரு குச்சியை நட்டுப் பார்த்ததில்லை. சுவரில் தொங்கும் தொழுகை அட்டவணையும் கைக்கடிகாரமும் போதும் என்றிருந்துவிட்டோம். அந்தப் பிள்ளைகளுக்கு வக்து என்பது வானத்தில் நடக்கிற காரியம். நமக்கோ அது அச்சடித்த எண்.

அவர்களுடைய நாள் ஸுப்ஹுக்கு முன்பே தொடங்குகிறது. தொழுது, அவரவர் பங்கு குர்ஆன் ஓதியபின் தகப்பனாரோடு குளக்கரைக்கு நடை. சுசீந்திரம், தேரூர்ப் பக்கத்துக் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டு உலக முக்கியத்துவம் பெற்றவை. ஆனால் நம்மில் பலருக்கு அவை பஸ் ஜன்னலில் கடந்து போகிற தண்ணீர்தான். இந்தப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த மாதம் எந்தப் பறவை வந்தது, எத்தனை வந்தது என்று. நாமக்கோழி, தாழைக்கோழி, பாம்புத்தாரா, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்து என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இன்னொரு நோட்டில் மழைக்கணக்கு. தென்மேற்கும் வடகிழக்கும் என இரு பருவமழை பெறுகிற நாடல்லவா இது! கன்னி மாதத்தில் அறுப்பதால் கன்னிப்பூ, கும்ப மாதத்தில் அறுப்பதால் கும்பப்பூ என்ற பெயர்க்காரணமும், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியே எந்த ஏலாவுக்குப் பாய்கிறது என்பதும், அந்த வயல்களில் எவையெவை வீட்டுமனைகளாகிவிட்டன என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது.

ஒன்பது மணிக்கு மேல் தாயிடம் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும். பிற்பகலில் உம்மும்மாவின் முறை. அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் அரபுத்தமிழ் வாசிப்பார். அரபு எழுத்துக்கு மேலும் கீழும் சில புள்ளிகளைக் கூட்டித் தமிழ் ஓசைகளை எழுதி வைத்த அந்தக் கலையை, நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். இன்று அதை வாசிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். நமக்கே தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்த ஆறு வயதுச் சிறுவன் உம்மும்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு மஞ்சள் பூத்த பழைய கிதாபில் எழுத்துக்கூட்டி வாசித்ததைக் கேட்டபோது நமக்குக் கண் கலங்கிற்று. தக்கலையில் ஒவ்வோர் ஆண்டும் ரஜப் பிறை 14 இரவில் பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் ஞானப்புகழ்ச்சி பாடப்படும்போது, பிள்ளைகளையும் கூட்டிப் போய் உட்கார வைப்பதாகத் தாயார் சொன்னார்.

இதையெல்லாம் கண்டுதான் நாம் பயானில் உருகிப் பேசினோம். பிள்ளையின் உள்ளம் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், அது எதுவும் செதுக்கப்படாத தூய மாணிக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கூறும் கருத்தை எடுத்துச் சொன்னோம். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி வளர்த்த குருவி இறந்துபோனபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவனிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த நிகழ்ச்சியையும் சொன்னோம். சொன்னவற்றில் பொய்யில்லை. ஆனால் அமானிதம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, அதன் சட்டத்தைச் சொல்லாமல் இறங்கிவிட்டோம். நம் பிழை அங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

நிய்யத்தில்தான் வித்தியாசம் என்று முதலில் எண்ணினோம். செயல்கள் நிய்யத்தைக் கொண்டே என்பது நம் குழந்தைகளுக்கும் தெரிந்த ஹதீஸ். ஆனால் அந்தக் கடைக்காரச் சகோதரரின் நிய்யத் கெட்டதா? இல்லையே! பெண்பிள்ளை பஸ்ஸில் போய் வருகிறாள், காலம் கெட்டுக் கிடக்கிறது, மானத்தோடு காக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஒரு தகப்பனின் அந்தப் பயத்தை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை. நமக்கும் மகள் உண்டு. ஆகவே நிய்யத்தை மட்டும் வைத்து இருவரையும் பிரிக்க முடியாது.

ஃபிக்ஹுக் கிதாபுகளில் வதீஅத் என்றொரு பாடம் உண்டு. ஒருவர் நம்மிடம் ஒரு பொருளைப் பாதுகாக்கத் தருகிறார். அதை அத்தகைய பொருளை வழக்கமாக எப்படிப் பாதுகாப்பார்களோ அப்படிப் பாதுகாக்க வேண்டும். அசட்டையால் அது கெட்டுப்போனால், "நான் நல்லெண்ணத்தோடுதான் வைத்திருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஈடு கொடுக்க வேண்டும். பட்டுத் துணியை அமானிதமாக வாங்கியவர், திருடன் கண்ணில் படக்கூடாதே என்று அதை ஈரத் தரையில் புதைத்து வைத்தாரானால், திருட்டிலிருந்து காத்ததற்காக அவரை யாரும் மெச்சுவதில்லை. துணி மக்கிப் போயிற்றே!

இன்னொரு பாடம் அநாதையின் சொத்து. திருக்குர்ஆனின் 'நிஸா' அத்தியாயத்தில், ஆறாவது ஆயத்தில், அநாதைகளைச் சோதித்து வாருங்கள், அவர்களிடம் விவேகத்தைக் கண்டால் சொத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள், ஒப்படைக்கும்போது சாட்சி வையுங்கள் என்ற கருத்தில் கட்டளை வந்திருக்கிறது. வலீயானவர் அந்தச் சொத்தைப் பிள்ளையின் நன்மைக்காகவே கையாள வேண்டும். தம் விருப்பத்துக்காக அல்ல. காசுக்கே இந்தச் சட்டமென்றால், பிள்ளையின் அறிவுக்கும் இளமைக்கும் சட்டமில்லாமல் போகுமா? பதினைந்து பதினாறு ஆண்டுகள் அவை நம் கையில் இருக்கின்றன. ஒருநாள் கணக்கை ஒப்படைக்க வேண்டும், அந்தப் பிள்ளையிடமும், அதன் பிறகு ரப்பிடமும். அன்று பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்?

இப்படிக் கேட்டால் இரு வீடுகளும் பிரிந்து தெரிகின்றன. ஒரு வீட்டில் வாங்கிய அமானிதம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு நோட்டும் கணக்கும் சாட்சியும் உண்டு. இன்னொரு வீட்டில் அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வளரவேண்டிய ஒன்றைப் பூட்டி வைப்பது காப்பதாகாது. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவது யாருக்கும் எளிது. அதற்குப் பதிலாக எதை வைக்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. பிள்ளைக்குப் பருவமடைந்தபின் கடமையாகப் போகிறவற்றைச் சிறுவயதிலேயே கற்பிப்பது தந்தையர் மீதும் தாய்மார் மீதும் கடமை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மஜ்மூஃவின் முன்னுரையில் ஷாஃபிஈ அறிஞர்களின் முடிவாக எடுத்துச் சொல்கிறார்கள். கற்பிக்கும் பொறுப்பு தாய்க்கும் உண்டென்றால், இன்றைய மகளான நாளைய தாய்க்குக் கல்வி வேண்டாமா? ஹஃப்ஸா (ரலி) அன்னைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. அதை நாயகம் (ஸல்) அவர்கள் அங்கீகரித்துப் பேசியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

வீட்டுக் கல்விக்கு ஆதரவாக நம் முன்னோர்களைக் காட்டுகிறவர்கள் உண்டு. நாமும் பயானில் காட்டினோம். ஆனால் அந்த வரலாறுகளை முழுக்க வாசித்தால் வேறொன்று தெரிகிறது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்தையில்லாப் பிள்ளை. தாயார் காஸாவிலிருந்து மக்காவுக்குக் கூட்டி வந்தார்கள். எதற்காக? மகனை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அல்ல; ஆசான்களிடம் சேர்க்க. கூலி கொடுக்க வழியில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதே கூலியாயிற்று. பிறகு ஹுதைல் கூட்டத்தாரோடு பாலைவனத்தில் சுற்றித் தூய அரபு மொழியையும் கவிதையையும் கற்றார்கள். அதன்பின் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் போனார்கள். பாலைவனமும் உண்டு, பாடசாலையும் உண்டு.

நம் மண்ணுக்கு வருவோம். இடலாக்குடியில் 1874-இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை அறியாதவர் நாஞ்சில் நாட்டில் இல்லை. அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழை அவர் கோட்டாறு சங்கரநாராயண அண்ணாவியிடம் தனியே கற்றார். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு காரியங்களை ஒரே அமர்வில் நினைவில் நிறுத்தி அவதானம் செய்து காட்டியவரின் தமிழ், இப்படி ஒரு இந்து ஆசானிடம் வாங்கிய தமிழ்தான். சீறாப்புராணத்துக்கு உரை செய்தவரும் அவரே. பள்ளிக்கூடம் தராததை வெளியே தேடிக் கொடுத்தார்கள், கூட்டினார்களேயன்றிக் கழிக்கவில்லை. பிற மதத்து ஆசிரியரிடம் பிள்ளை படிப்பதா என்று முகஞ்சுளிப்பவர்களுக்கு, பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளில் எழுதத் தெரிந்தவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் அதுவே அவர்களுக்கு விடுதலைப் பணம் என்று நபி (ஸல்) அவர்கள் வைத்த ஏற்பாட்டை நினைவூட்டுகிறோம்.

அதே திருவிதாங்கூரில் 1873-இல் பிறந்த வக்கம் மௌலவி (ரஹ்) அவர்களின் கதை இன்னும் வேடிக்கையானது. வசதியான தகப்பனார் வீட்டுக்கே ஆசான்களை வரவழைத்து அரபு, பார்ஸி, உருது, தமிழ், சமஸ்கிருதம் என்று கற்பித்தார். வீட்டுக் கல்வியின் மிகச் சிறந்த விளைச்சல் அவர். 1905-இல் 'ஸ்வதேசாபிமானி' பத்திரிகையைத் தொடங்கினார். திவானை விமர்சித்ததற்காக 1910-இல் அரசு அச்சகத்தையே பறிமுதல் செய்துகொண்டது. அந்த மனிதர் பின்பு எதற்காக ஊர் ஊராகப் பாடுபட்டார்? முஸ்லிம் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்களை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்றுதான்! முஸ்லிம் மாணவர் உள்ள அரசுப் பள்ளிகளில் அரபு கற்பிக்க ஏற்பாடு செய்யும்படி மன்னரின் அரசை இணங்க வைத்தவரும் அவரே. தமக்குக் கிடைத்தது ஆயிரத்தில் ஒரு வீட்டில்தான் கிடைக்கும், மீதி வீடுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதியில்லை என்பதை அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும். நாம் கண்டுகொள்ளவில்லை. முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிற தாய் எந்த நேரத்தில் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள்?

நம் ஊர்களுக்குப் பழைய காயம் ஒன்றும் உண்டு. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் வெளியிட்ட 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில், ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதை ஹராம் என்று எதிர்க்கிற காட்சிகள் வருகின்றன. அது வந்தபோது நம்மவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் அப்படி நடக்கவேயில்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தத் தவற்றில் நம் ஆலிம் வர்க்கத்துக்கும் பங்குண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது, நூற்றுக்கு 91.75 பேர். அந்த இடத்துக்கு வர நம் சமுதாயம் எவ்வளவு தூரம் நடந்து வந்தது! அதனால்தான் பள்ளிக்கூடத்தைப் பற்றி இளக்காரமாக ஒரு சொல் மிம்பரிலிருந்து வருவதற்கு இங்கே அதிக விலை உண்டு.

பள்ளிக்கூடம் குறையற்றது என்பதல்ல நம் கட்சி. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை வாட்டுவதும், விடிந்தது முதல் இரவு வரை டியூஷனில் கட்டி வைப்பதும், வீட்டுக்குப் பின்னால் பாயும் பழையாற்றின் பெயர் தெரியாத பிள்ளைக்கு அமேசானின் நீளத்தை மனப்பாடம் செய்விப்பதும் நாம் தினம் காண்பவையே. பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடாவிட்டால் அதன் உள்ளம் செத்துவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதி ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆயின. ஆனால் அவர்கள் அதை எழுதியது மக்தபுக்குப் போய்த் திரும்பிய பிள்ளையைப் பற்றி என்பதையும் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. 2010 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியிருக்கிறது. வீட்டில் கற்பிப்பதைப் பற்றி அது தனியாகப் பேசவில்லை. அந்தக் குடும்பத்தார் மூத்த மகளைப் பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்க ஏற்பாடு செய்து வருகிறார்கள்.

அந்த மகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டோம், பயானிலும் விட்டுவிட்டோம். அது நியாயமல்ல. அன்று விடைபெறும்போது, "உனக்கு இங்கே என்ன குறை பிள்ளே?" என்று கேட்டோம், குறையொன்றும் இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து. அவள் தகப்பனாரை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்க வயசுல ஒருத்தியும் இல்ல ஹஜ்ரத். நான் கணக்குல தோத்துப் போகணும்னு ஆசையா இருக்கு. தோக்கிறதுக்கு ஆளு வேணும்லா" என்றாள். தாய் சிரித்தார். தகப்பனார் சிரிக்கவில்லை.

மக்களோடு கலந்து பழகி அவர்கள் தரும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளும் முஃமின், ஒதுங்கி வாழ்பவரைவிட மேலானவர் என்ற கருத்தில் திர்மிதியிலும் இப்னுமாஜாவிலும் ஹதீஸ் இருக்கிறது. குளமும் குருவியும் யாரையும் தொல்லைப்படுத்துவதில்லை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைதான் தொல்லைப்படுத்தும். பொறுமையை அங்கேதான் கற்க முடியும். வளைகுடாவின் இரைச்சலில் களைத்து வந்த தகப்பனுக்கு அமைதி மருந்தாக இருக்கலாம். அதே மருந்து பதின்மூன்று வயதுக்கும் பொருந்துமா? தம்முடைய பசிக்குப் பிள்ளைக்கு ஊட்டுகிறோமா என்பதை நல்ல பெற்றோரும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வலீ தம் விருப்பத்துக்காக அல்ல, பிள்ளையின் நன்மைக்காகவே நடக்க வேண்டும் என்ற அந்தச் சட்டம் கடைக்காரருக்கு மட்டும் வந்ததல்லவே. அந்தத் தகப்பனாரிடம் இதைப் பிறகு ஒருநாள் பேசினோம். கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் அண்ணையிலிருந்து அதே நினைப்புத்தான் ஹஜ்ரத்" என்றார். இப்போது சனி, ஞாயிறுகளில் தெருப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்த வீட்டு முற்றத்தில் கூடிக் கணக்குப் போடுகிறார்கள். முதல் வாரமே அவள் தோற்றாள் என்று கேள்வி.

இனி நாம் கெடுத்த காரியம். ஜூலையில் ஒரு ஜும்ஆவில் முந்திய பயானின் குறையை நாமே எடுத்துச் சொல்லி, வதீஅத்தின் சட்டத்தையும் விளக்கினோம். மிம்பரில் தவற்றை ஒப்புக்கொண்டால் ஆலிமின் மரியாதை போய்விடும் என்று பெரியவர் ஒருவர் அன்போடு கண்டித்தார். இருக்கட்டும். ஆனால் கடைக்காரச் சகோதரர் அன்று வியாபார விஷயமாக வெளியூர் போயிருந்தார். ஆகவே வீட்டுக்கே போனோம். அந்தப் பிள்ளை சுலைமானித் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இடுப்பில் அண்ணன் மகன்.

நாம் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்போ நீங்க முதல்ல சொன்னது தப்பா ஹஜ்ரத்?" என்றார்.

"தப்பில்லை, பாதி. பாதி சொன்னதுதான் தப்பு" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பஸ் தொல்லையைச் சொன்னார், நாம் மறுக்கவில்லை. தெருவிலிருந்து அதே பள்ளிக்கு மூன்று பிள்ளைகள் ஒன்றாகப் போகிறார்கள், அவர்களோடு சேர்ந்து போகட்டும், ஜமாஅத்தில் பேசி ஆட்டோ ஒன்று ஏற்பாடு செய்யலாம் என்றோம். தலைமை ஆசிரியையிடமும் முன்பே கேட்டு வைத்திருந்தோம், டி.சி.யைத் திரும்பக் கொண்டு வந்தால் இந்த மாதம் முடியும்வரை ஒன்பதாம் வகுப்பில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். நாம் எழுந்து வாசலுக்கு வந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து அவள் மெல்லக் கேட்டாள்: "வாப்பா, அந்தப் பேப்பர் பீரோவுல மேல்தட்டுலதான் இருக்கு. எடுத்துத் தரட்டா?"

அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மறுபடியும் போவதாக இருக்கிறோம். ஆட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு.